மேரிக்கு எழுதிக் கொடுத்த அளவு

திங்கட்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். பால் பாக்கெட்டை எடுக்க வாசல் கதவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் நிற அளவு டேப். அதன் ஒரு முனை எங்கள் வீட்டுச் சாய்தளத்தின் மேல்விளிம்பில், ஒரு செங்கல்லுக்கு அடியில் இருந்தது. மறுமுனை எதிர்வீட்டுக்காரரின் கையில் இருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தார், டேப்பைச் சுருட்டிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த கையோடு நடந்தது இது. புதுச்சேரியில், குருசுக்குப்பத்துக்கு இரண்டு தெரு முன்னால் எங்கள் வீடு. தெரு குறுகல். எதிர்வீட்டில் தாளிக்கும் வாசனை எங்கள் கூடத்துக்கு வரும்.

சாய்தளம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வாசலில் இரண்டு படிகள். அவற்றின் பக்கவாட்டில், சுவரை ஒட்டி, நீளவாக்கில் சிமெண்டில் போட்ட ஒரு சரிவு. நீளம் ஆறு அடி. அது எங்கள் மனையில் இல்லை, தெருவில் இருக்கிறது. அனுமதி வாங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பக்கவாதத்தில் என் கணவருக்கு வலது பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சு பத்துப் பன்னிரண்டு சொற்களாகக் குறைந்துவிட்டது. அந்த இரண்டு படிகளைத் தாண்ட, சக்கர நாற்காலியை இரண்டு ஆண்கள் தூக்க வேண்டும். தினமும் யாரைக் கூப்பிடுவது? நான்கு மாதம் அவர் வெளியே வரவில்லை. கூடத்தில் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தால், இடது காலால் உந்தி அவரே சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். சாய்தளம் போட்டுக் காய்ந்த பிறகு முதல் முறையாகத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்து கடல் தெரியும். "கடல்" என்றார். அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்து மணி ஆனால் அவர் பார்வை கதவின் மேல் இருக்கும்.

எதிர்வீட்டுக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். குட்டியானை என்று சொல்வார்களே, அந்தச் சிறிய சரக்கு வண்டி ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறார். விடிவதற்குள் துறைமுகத்தில் மீன் ஏற்றி, மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வீடு திரும்புவார். எங்கள் வாசலருகே வண்டியைத் திருப்பித்தான் தன் வாசலில் நிறுத்துவார். மனைவி மார்க்கெட்டிலேயே உட்கார்ந்து விற்பார். மதியம் மனைவியையும் காலி ஐஸ் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வந்து, பெட்டிகளைத் தெருவில் வைத்துக் கழுவுவார்.

எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. சாய்தளம் போட்ட அன்று கொத்தனார் ஏழு அடிக்குக் கோடு கிழித்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, "இன்னாக்கா இது? வண்டி எப்டி திரும்பும்?" என்றார்.

"வேற எங்கயாவது திருப்பிக்கோங்க" என்றேன்.

"ரோடு இன்னா உங்க அப்பன் வூட்டு சொத்தா?"

நான் குரலை உயர்த்தவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் ஒரு செய்தித்தாளில் துணை ஆசிரியராக இருந்தவள். கத்துகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். ஒரு தலைப்பை அளப்பது போல அளந்து, மெதுவாகச் சொன்னேன்: "தெருவெல்லாம் மீன் தண்ணி ஊத்துறவங்க ரோட்டைப் பத்திப் பேசக் கூடாது."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போனார். கொத்தனார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தானாகவே கோட்டை அழித்து ஆறு அடியாகக் குறைத்தார். அதனால் சரிவு கொஞ்சம் செங்குத்தாகிவிட்டது. கடைசி ஓரடி ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் அன்று இரவு நிம்மதியாகத்தான் தூங்கினேன். எவ்வளவு பொறுமையாக நடந்துகொண்டேன் என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு இருந்தது.

அப்படிப்பட்டவர் கையில் இப்போது அளவு டேப்.

பழைய பழக்கம், ஒரு குறிப்பேட்டை எடுத்து நாள், மணி போட்டு எழுதினேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு முன்பே ஜன்னலோரம் நின்றுகொண்டேன். ஐந்து ஐம்பதுக்கு வந்தார். கைப்பேசியில் சாய்தளத்தை மூன்று படங்கள் எடுத்தார். பக்கவாட்டிலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று, வாசற்படியோடு சேர்த்து ஒன்று. பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். நான் திரைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். எல்லாவற்றையும் எழுதினேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கூடத்தில் இருந்த என் கணவர் திறந்திருந்த இன்னொரு ஜன்னல் வழியாக இடது கையைத் தூக்கினார். எதிர்வீட்டுக்காரரும் கையைத் தூக்கினார். தினமும் நடப்பதுபோல இருந்தது அது. எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் எழுதவில்லை.

அன்று மதியம் அவர் மனைவி எங்கள் வாசலில் நின்றார். எட்டு மாதத்தில் முதல் முறை.

"அக்கா, அண்ணன் தெனமும் வெளிய போறாரா, இல்ல எப்பனா ஒருவாட்டியா?"

"தினமும்" என்றேன்.

"வண்டி சறுக்குதா எறங்கும்போது?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதாங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சும்மா கேட்கிற கேள்விகளா அவை? எவ்வளவு அடிக்கடி பயன்படுகிறது, ஆபத்தானதா. ஒரு மனுவுக்குத் தேவையான இரண்டு விவரங்கள். நானே அப்படித்தான் கேட்டிருப்பேன்.

மாலை ஆறரைக்கு அவர் தன் வாசலில் நின்று கைப்பேசியில் பேசினார். காற்று எங்கள் பக்கம் அடித்தது. ஒரு சொல் விடாமல் கேட்டது. கேட்டபடியே எழுதினேன்:

"மேரிக்கு எல்லா அளவும் எழுதிக் குடுத்தாச்சு. ஃபோட்டோவும் போட்டாச்சு. இடிச்சிட்டுதான் மறுவேலை. வியாழக்கெழம காலைல ஆளு வராங்க."

புதுச்சேரிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து எங்கள் ஊரில் நகராட்சி அலுவலகத்துக்குப் பெயர் மேரி. என் அப்பா கடைசிவரை வேறு பெயர் சொன்னதில்லை. 'மேரிக்குப் போய்ட்டு வரேன்' என்றால் வீட்டு வரியோ, பிறப்புச் சான்றிதழோ, யார் மேலாவது புகாரோ என்று அர்த்தம். நானும் அப்படிப் பேசித்தான் வளர்ந்தேன்.

செவ்வாய் மாலை. வியாழன் காலை என்றால் நடுவில் ஒரே ஒரு நாள். கூடத்தில் என் கணவர் அன்றைய உலாத்தல் முடிந்த திருப்தியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலி மறுபடி சுவர்ப் பக்கம் திரும்புவதை நினைத்துப் பார்த்தேன்.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டிச் சண்டை போடவில்லை. தெருவில் நின்று கத்தவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மேசையில் உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். இரண்டு பக்கம். எட்டு மாதமாகத் தெருவில் ஓடும் மீன் கழிவுநீர், ஐஸ் பெட்டிகள் அடைக்கும் பாதை, அவர் வீட்டு முன்னால் தெருவுக்கு நீட்டியிருக்கும் தகரக் கூரையின் நீள அகலம். பதினொரு புகைப்படங்கள் இணைத்தேன். ஆமாம், படங்கள் என்னிடம் ஏற்கெனவே இருந்தன. என் பணிக் காலத்தில் எழுதியவற்றில்கூட இவ்வளவு கச்சிதமானது சிலவே இருக்கும். ஒரு மிகைச்சொல் கிடையாது. அதை வாசிக்கும் எந்த அதிகாரியும் அந்த வாரமே வந்து பெட்டிகளையும் கூரையையும் அப்புறப்படுத்தச் சொல்வார். பெட்டி கழுவ இடம் இல்லாமல் அவர் அந்தத் தெருவில் மீன் தொழில் செய்ய முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

கணவருக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அம்மாவை உட்காரவைத்துவிட்டு, பத்தரை மணிக்கு நகராட்சி அலுவலகம் போனேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். காத்திருந்த நேரத்தில் மனுவை இன்னொரு முறை படிக்கலாம் என்று எடுத்தேன். கையில் பேனா இருந்தது. இரண்டாவது பத்தியில் இப்படி ஒரு வரி: 'மேற்படி நபர் எங்கள் சாய்தளத்தை இடிக்கக் கோரித் தங்கள் அலுவலகத்தில் மனு அளித்துள்ளார்.'

பேனா ஓரத்தில் ஒரு கோடு போட்டது. அதற்குப் பக்கத்தில் எழுதியது: 'அவரிடம் கேட்டாயிற்றா?'

இந்த இரண்டு வார்த்தையையும் எத்தனை நிருபர்களின் தாள்களில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒருவர் மேல் குற்றம் சொல்லும் செய்தி வந்தால், அந்த ஒருவரிடம் பேசாமல் அது என் மேசையைத் தாண்டாது. நிருபர்கள் முணுமுணுப்பார்கள். 'அவன் ஒத்துக்கவா போறான்' என்பார்கள். 'ஒத்துக்கலைன்னு எழுது' என்பேன். இப்போது அந்த ஓரக்குறிப்பு என் தாளிலேயே இருந்தது. அந்த வரிக்கு என்னிடம் இருந்த ஆதாரம் காற்றில் வந்த ஒரு பேச்சு மட்டும்.

என் முறை வந்தது. எழுத்தர் கையை நீட்டினார்.

"ஒரு வரி திருத்தணும்" என்றேன்.

"மூணு மணிக்குள்ள கொண்டாங்கம்மா. இன்னைக்கே சீல் போட்டுத் தரேன். அப்புறம் நாளைக்குத்தான்."

நாளை என்றால் வியாழன். எனக்குக் கையில் நான்கு மணி நேரம்கூட இல்லை. அவரிடம் பேசப்போவது ஒரு சடங்குக்காக என்றுதான் அப்போதும் நினைத்தேன். மறுப்பார், அல்லது கத்துவார். இரண்டில் எதுவானாலும் ஒரு வரி சேர்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம்.

பன்னிரண்டே கால் மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தேன். அவர் ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மனு என் கைப்பையில் இருந்தது. மூன்றடி தள்ளி நின்றேன்.

"மேரிக்கு அளவெல்லாம் எழுதிக் குடுத்தீங்களா?"

ஹோஸ் பைப்பைக் கீழே போட்டார். "யாரு சொன்னாங்கக்கா?"

"குடுத்தீங்களா, இல்லையா?"

"குடுத்தேங்க்கா." தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான். உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அளந்திருக்கணும்."

ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஃபோட்டோவும்?"

"ஃபோட்டோவும்தான்."

"நாளைக்கு இடிக்க ஆள் வராங்க."

"ஆமாக்கா. எட்டு மணிக்கு. ஒரே நாள்ல முடிச்சிடலாம்னாரு கொத்தனாரு."

இவ்வளவு சாதாரணமாக ஒரு மனிதர் இதைச் சொல்ல முடியுமா? என் காதுக்குள் சூடாக இருந்தது. ஆனாலும் குரல் அதே மட்டத்தில்தான் இருந்தது. "மேரி சொன்னா இடிச்சிடுவீங்க, இல்ல?"

"பின்ன? அது சொன்னாத்தானக்கா இடிக்க முடியும்?"

"நான் இப்ப அங்க போய்ட்டுத்தான் வரேன்" என்றேன். அவர் பயப்படுவார் என்று பார்த்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்டியாக்கா! கோரிமேட்டுக்கா போனீங்க? எப்டி இருக்குது? நேத்து ஜொரம்னாங்களே. திங்கக்கெழம டிஸ்சார்ஜ் பண்ணிடுவாங்களாமா?"

மேரிக்கு ஜுரம். மேரியை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். கோரிமேட்டில் இருப்பது ஊரின் பெரிய ஆஸ்பத்திரி.

"எந்த மேரி?" என்றேன்.

"நம்ம மேரிக்கா. மார்க்கெட்ல இவ பக்கத்துல ஒக்காந்து விக்குமே. உங்களுக்குத் தெரியாதா? இப்பதான் பாத்துட்டு வரேன்னீங்க?"

சத்தம் கேட்டு அவர் மனைவி வெளியே வந்தார். இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். சர்க்கரை வியாதி. காலில் ஒரு முள் குத்தி, புண்ணாகி, கவனிக்காமல் விட்டு, முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். குருசுக்குப்பத்தில் வீடு. வாசலில் மூன்று படி. 'இனிமே என்னைத் தூக்கிட்டுத்தான் போவீங்களா?' என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அழுதிருக்கிறார். எங்கள் சரிவைத் தினமும் பார்க்கிறவர்கள் இவர்கள். அதன் அளவை எழுதி, படம் எடுத்து, மேரியின் மகனிடம் கொடுத்திருக்கிறார்கள். இடிக்கப்போவது மேரி வீட்டுப் படிகளை.

"நான் மேரின்னா முனிசிபாலிட்டின்னு நெனச்சேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் புரியாமல் விழித்தார். கடலோரக் கிராமத்து மனிதர், அவருக்கு அது எப்போதுமே முனிசிபாலிட்டிதான். மனைவி இங்கே பிறந்தவர். அவருக்குத்தான் முதலில் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அய்யய்யோ, மேரி ஆபீசா! யோவ், நீ மேரில போயி எழுதிக் குடுத்துட்டன்னு அக்கா நெனச்சுக்கிச்சுய்யா!"

அவர் சிரிக்கவில்லை. "நான் போயி எழுதிக் குடுப்பனாக்கா? அண்ணன் அந்தச் சரிவுல எறங்கறத தெனம் பாக்குறேன்."

"அப்ப என்கிட்டயே கேட்டு அளந்திருக்கலாமே?"

ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். "உங்ககிட்ட வர பயம்க்கா."

"நான் என்ன கத்தவா போறேன்?"

"கத்த மாட்டீங்க. அதான் பயம். கத்துனா நானும் திருப்பிக் கத்திட்டுப் போயிடுவேன். நான் உங்க அப்பன வரைக்கும் இழுத்தேன், அது தப்புதான். ஆனா நீங்க மெதுவா ஒண்ணு சொன்னீங்களே அன்னைக்கி, மீன் தண்ணின்னு. எட்டு மாசமா பெட்டி கழுவும்போதெல்லாம் அது காதுல கேக்குது."

மன்னிப்புக் கேட்டேன். சரியான சொற்கள் வரவில்லை. அவர் "வுடுங்கக்கா" என்றார். மனுவைப் பற்றி நான் சொல்லவில்லை. அது கைப்பைக்குள் இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அதுவும் உறுதியில்லை. வீட்டுக்குள் போய் முதல் வேலையாக அதை எட்டாகக் கிழித்தேன். பிறகு மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பது.

மேரி வீடு திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் கணவரைத் தள்ளிக்கொண்டு குருசுக்குப்பம் போனேன். எதிர்வீட்டுக்காரரும் மனைவியும் கூட வந்தார்கள். மேரி வாசலிலேயே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன முனிசிபாலிட்டி ஆக்குனது நீதானா? மார்க்கெட் பூரா இதே பேச்சு. ஏன்டி குப்ப வண்டி வரலன்னு என்ன வந்து கேக்குறாளுங்க."

என் கணவர் சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். பிறகு மேரியின் நாற்காலியைச் சுட்டிக்காட்டி, "நல்லா" என்றார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு புதுச் சரிவில் மேலே ஏறினேன். மேரி வீட்டு வாசல் எங்கள் வாசலைவிட ஒரு படி உயரம். ஆனால் மூச்சு வாங்கவில்லை.

"இது எவ்ளோ நீளம்?" என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"பத்தரை அடி. உங்களுது மாதிரியே போட்டா செங்குத்தா ஆயிடும்னு கணக்குப் பாத்து ஏத்திச் சொன்னேன். உங்களுக்கு மேல வரும்போது மூச்சு வாங்குது, பாத்திருக்கேன்." கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உங்களுதையும் அந்த ஓரடி இழுத்துடலாங்க்கா. மொதல்ல கொத்தனாரு போட்ட மாதிரி ஏழு. நான் சொல்றேன் அவருகிட்ட."

"வண்டி எப்படித் திரும்பும்?" என்றேன்.

அவர் மேரியிடம் டீ கேட்டார்.

குரலை உயர்த்தாதவள் என்று என்னைப் பற்றி நானே வைத்திருந்த மதிப்பு அந்தப் புதன்கிழமையோடு போய்விட்டது. உள்ளே ஒருவர் மேல் தீர்ப்பு எழுதிக்கொண்டே வெளியே அமைதியாக நிற்க எனக்கு நன்றாக வருகிறது. இப்போதெல்லாம் யார் மேலாவது கோபம் வந்தால், என் குரலை நான் கவனிப்பதில்லை. கையில் பேனா இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் கீழே வைத்துவிட்டு, அவரிடமே போய்க் கேட்கிறேன்.

மேரி வீட்டுக்குப் போய்வந்த மறுநாள், திங்கட்கிழமை. காலை ஆறு பத்துக்குப் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தேன். எதிர்வாசல் காலியாக இருந்தது. குட்டியானை தெருவுக்குள் வராமல் தெருமுனையிலேயே நின்றிருந்தது.